சம்பந்திக்கு ஒரு கேரவன்

ஆனித் திருமஞ்சன வாரத்தில் சிதம்பரத்தில் ரூம் கேட்டுப் போகிறவனைப் பார்த்து லாட்ஜ்காரர்கள் சிரிக்கக்கூட மாட்டார்கள். அதற்கும் அவர்களுக்கு நேரம் இருக்காது. இது நன்றாகத் தெரிந்தும் அந்த வாரத்திலேயே மகள் ரேகாவின் கல்யாணத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தார் கலியமூர்த்தி. மண்டபம் கிடைத்த சந்தோஷத்தில் ரூமைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தபோது கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா தங்கம்மாள் கும்பகோணத்திலிருந்து போன் செய்து ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாள். "எங்களுக்கு வேற எதுவும் வேணாம். ஏசி ரூமா இருக்கணும், பாத்ரூம் உள்ளயே இருக்கணும். அவ்வளவுதான்."

கலியமூர்த்தியின் மனைவி மாலதிக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் அவள் தம்பி திருநாவுக்கரசு, "அக்கா, ரூமு விஷயத்த நான் பாத்துக்கறேன்" என்றான். மாலதிக்கு மிச்சமிருந்த தூக்கமும் போயிற்று.

வீட்டில் எல்லோருக்கும் அவன் அரசு. கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். கம்பெனியில் அவன் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன்தான். வீட்டு விசேஷம் என்று வந்தால் மட்டும் அவன் கைக்கு என்ன ஆகுமோ தெரியாது. ரேகாவின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் சீரியல் பல்பு கட்டினான், தெருவே இருண்டது. கலியமூர்த்தி புதுவீடு குடிபோன அன்று தண்ணீர் மோட்டார் மாட்டினான்; மாடித் தொட்டிக்கு ஏறவேண்டிய தண்ணீர் பூஜை அறைக்குள் வந்தது. இரண்டையும் மறந்துவிட்டதாகச் சொல்லிச் சொல்லியே மாலதி அவனுக்கு ஞாபகப்படுத்துவாள். தாய்மாமன் என்ற முறையில் அரசுக்கு இருந்த ஒரே ஆசை, இந்தக் கல்யாணத்திலாவது அக்கா வீட்டில் ஒரு நல்ல பெயர் வாங்கிவிடவேண்டும் என்பதுதான்.

அதற்காக அவன் கண்டுபிடித்தது கேரவன். சினிமாக்காரர்களுக்கு வண்டி வாடகைக்கு விடும் சென்னைக் கம்பெனி ஒன்றில் அவனோடு ஐ.டி.ஐ. படித்தவன் சூப்பர்வைசராக இருந்தான். பிச்சாவரத்தில் ஷூட்டிங் முடிந்து திரும்பும் வண்டி இரண்டு நாள் சும்மா நிற்கப்போகிறது, எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டான். 2010-ல் சிதம்பரத்தில் எந்தச் சம்பந்திக்கு யார் கேரவன் கொடுத்திருக்கிறார்கள்? அரசு இந்தக் கேள்வியைத் தன் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கேட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டி வந்து, தெற்கு வீதிக்குப் பின்னாலிருந்த மண்டபத்துச் சந்தில் நின்றது. பஸ் நீளம், பளிச்சென்ற வெள்ளை. டிரைவர் உத்திராபதி உள்ளே போய் ஒரு சுவிட்சை அழுத்தினான். வண்டியின் பக்கச் சுவரில் ஒரு பாகம் மேசை டிராயர் மாதிரி மெல்ல வெளியே வந்தது. மூன்றடி வந்து நின்றது. உள்ளே ஏறிப் பார்த்தால் கட்டில் அந்தப் பாகத்தோடு சேர்ந்து நகர்ந்து போயிருந்தது. நடுவில் நாலு பேர் தாராளமாக நின்று பேச இடம். எதிர்ச் சுவரில் ஆளுயர பீரோ. பின்னால் பாத்ரூம், குழாயைத் திறந்தால் வெந்நீர்.

தங்கம்மாள் ஏசியின் கீழே நின்று பார்த்தாள். பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தாள். கட்டிலை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, "பரவால்லியே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினெட்டு நாள் தவம் கிடந்த மாலதி, தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அரசுக்கு அன்றிரவு சாப்பாடே தேவைப்படவில்லை. இருந்தாலும் இரண்டு தடவை சாப்பிட்டான்.

மாப்பிள்ளையின் அப்பா ராமாமிர்தம் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெஷின் எதைக் கண்டாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். அந்தச் சுவிட்சை மூன்று தடவை போட்டுக் காட்டச் சொன்னார். நாலாவது தடவை தானே அழுத்தினார். அறை சமர்த்தாக உள்ளே போய் வெளியே வந்தது. "ஒரு விரல்ல ஒரு வீடே நகருது பாருங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மிக்ஸிய ரிப்பேர் பாக்கறேன்னு பாத்தீங்க. டிவி ரிமோட்ட பாத்தீங்க. இது அடுத்தவங்க வண்டி. எதையும் தொடாம சும்மா இருங்க" என்றாள் தங்கம்மாள், பத்துப் பேர் முன்னால். ராமாமிர்தம் சிரித்துச் சமாளித்தார். அவள் தாலி இருந்த சிவப்புப் பெட்டியையும் கூறைப்புடவையையும் அந்த ஆளுயர பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். தாலியும் கூறையும் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அவள் பொறுப்பில் இருந்த பொருள் எதுவும் இதுவரை காணாமல் போனதில்லை.

ராத்திரி ஒரு மழை கொட்டி ஓய்ந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் பத்தரை முதல் பன்னிரண்டு. காலை ஆறே முக்காலுக்குச் சமையலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த டேங்கர் லாரி, சந்துக்குள் நுழைய முடியாமல் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டியது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அறை பாதி வழியை அடைத்திருந்தது. தங்கம்மாள் குளித்துவிட்டு மண்டபத்துக்குக் காபி குடிக்கப் போயிருந்தாள். வண்டிக்குள் தனியாக இருந்த ராமாமிர்தம், "நான் உள்ள இழுத்துடறேன், கவலப்படாதீங்க" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். அறை உள்ளே போக ஆரம்பித்தது.

டேங்கர் டிரைவருக்கு அதுவும் போதவில்லை. மூக்கைத் திருப்ப இன்னும் இடம் வேண்டும் என்றார். அரசு சந்தின் நடுவில் நின்று, கம்பெனியில் கிரேனுக்குக் கை காட்டும் தோரணையில் இரண்டு கைகளையும் ஆட்டினான். "உத்திராபதி, வண்டிய ரெண்டடி முன்னால விடு. வா, வா, வா. போதும்." உத்திராபதி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இறக்கினான். வண்டி உருண்டு போய் நின்றது. டேங்கர் உள்ளே நுழைந்தது. உத்திராபதி மறுபடியும் பிரேக்கைப் போடக் கையை நீட்டியபோது அரசு தடுத்தான்.

"வேணாம்யா. ராத்திரி மழையில நல்லா நனைஞ்சிருக்கு. நாளைக்கி வரைக்கும் ஒரே எடத்துல நிக்கப்போவுது. பிரேக்க போட்டு வச்சா ஷூவு சக்கரத்து டிரம்ல ஒட்டிக்கும், அப்பறம் வண்டி நவுராது. கல்லு வச்சிக்கலாம்."

உத்திராபதிக்கும் அதுதான் பழக்கம். லாரி ஓட்டிய காலத்திலிருந்து கல்லை நம்பிய அளவுக்கு அவன் ஹேண்ட் பிரேக்கை நம்பியதில்லை. "சரியா சொன்னீங்க சார்" என்று இறங்கிவிட்டான். அரசே சமையல் கட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு கருங்கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தான். கையைத் தட்டிக்கொண்டு, அடுத்து யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்க்கப் போனான்.

ஏழே காலுக்குத் தங்கம்மாள் கூறைப்புடவையை எடுக்க வண்டியில் ஏறினாள். அறை முழுதாக உள்ளே போகாமல் வழியில் நின்றிருந்தது. கட்டில் நகர்ந்து வந்து பீரோவை நெருக்கிக்கொண்டிருந்தது. சாவி போட்டுக் கதவை இழுத்தாள். இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து, கட்டில் சட்டத்தில் முட்டி நின்றது. அந்த இடுக்கு வழியாகச் சிவப்புப் பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. ராமாமிர்தம் சுவிட்சுப் பக்கத்தில் வேர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"தொட்டீங்களா?"

"லாரிக்கு வழி விடலாம்னு உள்ள இழுத்தேன். பாதியில நின்னுபோச்சு. மறுபடி மறுபடி அமுக்கிப் பாத்தேன்."

"தொட்டீங்களா, இல்லியா?"

"தொட்டேன்."

பத்தே நிமிஷத்தில் மண்டபம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. சம்பந்தி சுவிட்சை அமுக்கி அறையை உடைத்துவிட்டார், தாலி உள்ளே மாட்டிக்கொண்டது. பெண் வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொத்தாமலே பேசினார்கள். அரசு ஓடிவந்து பார்த்தான். நெஞ்சு திக்கென்றது உண்மைதான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கோளாறு வந்து, அதற்கு அவன் காரணம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் இருந்தது.

அந்த ஆறுதல் மாலதி வந்து நிற்கும் வரைக்கும்தான். "கேரவனு வேணும்னு யாருடா கேட்டது?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒரு ரூமு புடிடான்னா, தாலிய முழுங்கற வண்டிய கொண்டாந்து நிறுத்தியிருக்கியேடா. சம்பந்திய இத்தன பேரு முன்னால தல குனிய வச்சாச்சு. இனிமே எம் பொண்ணு அந்த வீட்ல எப்படிடா வாழுவா?"

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பீரோவை உடைத்துவிடலாம் என்றார் ஒருவர். "தாலி இருக்கற பீரோவ நல்ல நாளும் அதுவுமா ஒடைக்கறதா?" என்று தங்கம்மாள் ஒரு பார்வை பார்த்தாள், சொன்னவர் பந்திக்குப் போய்விட்டார். கலியமூர்த்தி தயங்கித் தயங்கி, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டி இப்போதைக்கு முகூர்த்தத்தை முடித்துவிடலாம், பிறகு தாலியைக் கோத்துக்கொள்ளலாம் என்றார். முறைப்படி அதில் தப்பில்லை. தங்கம்மாள் பீரோவின் இடுக்கைப் பார்த்தாள். பிறகு, "ஒரே பையனுக்கு மஞ்சக் கெழங்கக் கட்டிக் கூட்டிட்டு வந்தேன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவள் கத்தியிருந்தால்கூட அரசு தாங்கியிருப்பான்.

அவன் சந்து முனைக்குப் போய்க் கடலூருக்குப் போன் போட்டான். தைரியராஜ் அவன் கம்பெனியிலேயே எலக்ட்ரீஷியன். "கோயிலுக்குக் கெளம்பிட்டேண்ணே, எட்டு மணிப் பூசை" என்றான். "தைரியம், இங்க ஒரு கல்யாணமே நிக்கப்போவுதுடா" என்றான் அரசு. எட்டு நாற்பதுக்கு, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, தைரியராஜ் பைக்கில் வந்து இறங்கினான். முதலில் பொங்கல் சாப்பிட்டான். பசியோடு கரண்டில் கை வைக்கமாட்டேன் என்பது அவன் கொள்கை.

மீட்டரை வைத்து பேட்டரியைப் பார்த்தான். "இருபத்தி நாலு வோல்ட்டு, சுத்தமா இருக்கு." பியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் போகவில்லை. சுவிட்சை அமுக்கச் சொல்லி, கீழே மோட்டாரில் காது வைத்துக் கேட்டான். "முனகக்கூட இல்லண்ணே. இதுக்கு கரண்டே வரல." அறை ஓடுகிற தண்டவாளத்தில் ஏதாவது சிக்கியிருக்குமோ என்று அரசு டார்ச் அடித்துத் தேடினான். ஒரு குழந்தைச் செருப்பும் பாதி முறுக்கும் கிடைத்தன. எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார்கள். சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். செருப்புக்குச் சொந்தக்காரி அழுதுகொண்டே வந்து செருப்பை வாங்கிப் போனாள். வேறு எதுவும் நடக்கவில்லை.

சென்னை சூப்பர்வைசர் மூன்றாவது தடவை போனை எடுத்தான். "இதுக்கு ஏன்டா பதர்ற? கையால சுத்தறதுக்கு ஒரு கைப்பிடி இருக்கு. கரண்டே இல்லாம அறைய நவுத்தலாம்." அரசுக்கு உயிர் வந்தது. "எங்கடா இருக்கு?" "கட்டிலுக்கு அடியில பெட்டி இருக்கும் பாரு. பீரோ பக்கமா தொறக்கும்." கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்தான் இருந்தது. வெளியே எடுக்க முடியாததை எடுப்பதற்கான சாமானும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. இதை வடிவமைத்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று அரசு சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

பிறகு உள்ளே நின்று பன்னிரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். அதில் நாதஸ்வரக்காரரும் ஒருவர். ஏசி வண்டிக்குள் எல்லோருக்கும் வேர்த்ததுதான் மிச்சம். மணி பத்தைத் தாண்டியது. மண்டபத்தில் ரேகா பாதி அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தாள். "மாமா, ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று ஒரு தடவை கேட்டனுப்பினாள். அரசு, இன்று மட்டும் நல்லபடியாக முடிந்தால் இனிமேல் எந்த விசேஷத்திலும் ஒரு பல்பைக்கூடத் தொடுவதில்லை என்று கூத்தபிரானிடம் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தான்.

தைரியராஜ் கடைசியாக டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகையைக் கழற்றினான். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி; அதிலிருந்து ஏழெட்டு ஒயர்கள் போயின. ஒவ்வொன்றாக டெஸ்ட் லைட்டை வைத்தான். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் லைட் எரிந்தது. "இந்த மஞ்ச ஒயருலதாண்ணே வரல. இது எங்க போவுது, பாருங்க" என்றான். அரசு மண்டியிட்டு அந்த ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். அது கால் மிதிக்கு அடியில் நுழைந்தது, டிரைவர் சீட்டைச் சுற்றியது, ஒரு சின்ன பொத்தானில் போய் முடிந்தது. அந்தப் பொத்தான் ஹேண்ட் பிரேக் லிவரின் காலடியில் இருந்தது. லிவர் கீழே இறங்கிக் கிடந்தது.

"அட" என்றான் தைரியராஜ். "வண்டி ஓடும்போது யாரும் சுவிட்ச அமுக்கி அறைய வெளிய தள்ளிடக் கூடாதுல்ல? அதுக்காவ வச்சிருக்கான். ஹேண்ட் பிரேக்கு போட்டிருந்தாத்தான் அறை நவுரும். எறக்கிட்டா அங்கியே நின்னுரும். யாருண்ணே பிரேக்க எறக்கினது?"

உத்திராபதி அரசுவைப் பார்த்தான். அரசு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கால் மிதியைப் பார்த்தான். அறை பாதி போய்க்கொண்டிருந்தபோது வண்டியை நகர்த்தச் சொன்னவன் அவன். பிரேக்கை மறுபடி போடாதே என்று கையைப் பிடித்தவன் அவன். கல்லையும் அவனேதான் சுமந்துவந்து வைத்தான். சுவிட்சில் விரல் வைத்த குற்றத்துக்காக ராமாமிர்தம் மூன்று மணி நேரமாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறார்.

அவன் லிவரை இழுத்துவிட்டான். கடகடவென்ற சத்தத்தோடு அது பூட்டிக்கொண்டது. தைரியராஜ் சுவிட்சை அமுக்கினான். அறை ஒரு குலுக்குக் குலுக்கி, எதுவுமே நடக்காதது போல வெளியே நகர்ந்து போய் நின்றது. தங்கம்மாள் ஓடிவந்து பீரோவைத் திறந்து சிவப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சந்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

மாலதி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "நீ இல்லன்னா இன்னிக்கி என்னாடா ஆயிருக்கும்!" கலியமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனைக் கட்டியே பிடித்துவிட்டார். "மச்சான்னா நீதான்யா மச்சான். என்னா கோளாறுன்னு கண்டுபுடிச்ச?"

அரசு வாயைத் திறந்தான். அதற்குள் தைரியராஜ் முந்திக்கொண்டு, "ஒரு ஒயருல கரண்டு வராம இருந்துது, சரி பண்ணிட்டோம்" என்றான். பொய்யில்லை, மெய்யும் இல்லை. "சம்பந்தி அமுக்கின அமுக்குல ஒயரு புட்டுக்கிச்சு போல" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அரசுவும் சிரித்துவைத்தான். பதினைந்து வருஷமாகக் காத்திருந்த நல்ல பெயர் வீடு தேடி வந்திருக்கிறது. அதைக் கதவைச் சாத்தி அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. யாருக்கு என்ன நஷ்டம், கல்யாணம் நடக்கிறதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். உத்திராபதிக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

பதினொன்றே காலுக்கு மணமேடை கூடியது. அரசு புதுச்சட்டை, பட்டுக்கரை வேட்டியோடு ஏறி, தாய்மாமன் முறைக்கு ரேகாவின் கழுத்தில் மாலை போட்டான். கூறைப்புடவையில் அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "தேங்க்ஸ் மாமா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அவனுக்கு அது இனித்தது. இனித்த மாத்திரத்தில் என்னவோ உறுத்தவும் செய்தது.

ஐயர் தேங்காயின் மேல் தாலியை வைத்து, மஞ்சள் அரிசி தூவி, தட்டைச் சபைக்கு அனுப்பினார். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி ஆசீர்வதித்தார்கள். தட்டை ஏந்திப் போன பெண், மேடைக்குக் கீழே கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராமாமிர்தத்திடம் நீட்டினாள். மாப்பிள்ளையின் அப்பா ஏன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அரசு அப்போதுதான் கவனித்தான்.

ராமாமிர்தம் கைகளைத் தட்டுப் பக்கம் கொண்டுபோகவில்லை. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தலையை மட்டும் குனிந்து தாலியைப் பார்த்துக் கும்பிடுவது போல ஏதோ முணுமுணுத்தார். "தொடுங்க தாத்தா" என்றாள் அந்தப் பெண்.

"நான் தொட வேணாம்மா. நல்ல காரியம். நீ எடுத்துட்டுப் போ" என்றார் அவர்.

சொன்ன விதத்தில் கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. அதுதான் நியாயம் என்று ஒப்புக்கொண்டுவிட்ட குரல். சொந்த மகனின் தாலியைத் தொடப் பயந்து ஒரு மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அந்தக் கையைக் கட்டிவைத்தவன் மேடையில் பட்டுக்கரை வேட்டியில் நிற்கிறான். சீரியல் பல்பு எரியாத அன்றுகூட அவன் தன்னை இப்படி வெறுத்ததில்லை.

"ஐயரே, ஒரு நிமிஷம்" என்றான். நாதஸ்வரத்துக்கு மேல் அது கேட்கவில்லை. "மேளத்த நிறுத்துங்கய்யா!" என்று கத்தினான். மேளம் நின்றது. மண்டபமே அவனைத் திரும்பிப் பார்த்தது. "முகூர்த்தம் போயிண்டிருக்கு" என்றார் ஐயர்.

"போவட்டும், ஒரே நிமிஷம். அந்த ரூம சம்பந்தி ஒடைக்கல. எந்த ஒயரும் புட்டுக்கல. அறை போய்க்கிட்டு இருக்கும்போது வண்டிய நவுத்தச் சொன்னது நான். ஹேண்ட் பிரேக்க போடாத, ஒட்டிக்கும்னு கல்லு வச்சதும் நான். பிரேக்கு போட்டாத்தான் அந்த ரூமு நவுருமாம். அது எனக்குத் தெரியல. காலைலேர்ந்து எல்லாருக்கும் வந்த கஷ்டம் என்னாலதான். அவரு சரியான சுவிட்ச, சரியாதான் அமுக்கினாரு."

பெண் வீட்டுப் பக்கம் ஒரு அத்தை, "அதானே பாத்தேன், அரசு கை வச்சிருப்பான்னு" என்றாள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கலியமூர்த்தி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மாலதி கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்; இனி இருபது வருஷத்துக்குச் சொல்லிக்காட்ட ஒன்று கிடைத்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வாங்கிய நல்ல பெயர் ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை. போகட்டும் என்றிருந்தது அரசுக்கு.

ராமாமிர்தம் எழுந்து நின்றார். "தம்பி, நான் அமுக்கினது சரிதானா?" என்று கேட்டார்.

"நூத்துக்கு நூறு சரி சம்பந்தி. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் அதை உள்ளே வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மேடையில் இருந்த மனைவியைப் பார்த்தார். கேட்டாயா என்று அவர் கேட்கவில்லை; பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். தங்கம்மாளின் முகம் சிவந்தது. அவள் மேடையிலிருந்து இறங்கினாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்து தட்டை வாங்கி, கூட்டத்தின் நடுவே கடைசி நாற்காலி வரைக்கும் நடந்து போய், புருஷன் முன்னால் நீட்டினாள்.

"தொடுங்க" என்றாள்.

ராமாமிர்தம் வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இதைத் தொடுங்கள் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.